நகர மறுத்த தரை

விடிகாலை மூன்றரை மணிக்கு அலைபேசி அடித்தால் எடுப்பதற்குள் நெஞ்சு நூறு விதமாக அடித்துக்கொள்கிறது. எடுத்தால் என் தோழி. நிலம் அடிக்கடி ஆடும் ஒரு கடலோர ஊருக்கு வேலை மாற்றலாகிப் போய் அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. "கட்டில் நகர்ந்துச்சுடி. நான் நகர்த்தல. அதுவா நகர்ந்துச்சு" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மாடிப்படியில் ஆட்கள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாருக்கும் அடியில்லை, சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை, மொத்தமே சில நொடிகள்தான் ஆடியது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஆறுதல் வார்த்தை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "பயப்படாதே. இப்படிச் சின்னச் சின்னதா ஆடிட்டா நல்லதுதான். உள்ளே சேர்ற அழுத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போயிடும். பெரிசா வராது."

அவள் மூச்சு சீரானது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கியும் போனாள். மறுநாள் மாலை மறுபடி கூப்பிட்டாள். "நீ சொன்னதை ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். புதுசா வந்தவங்க எல்லாருக்கும் அப்பதான் உயிர் வந்துச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒரு சந்தேகம். பூமித் தட்டெல்லாம் எப்பவும் நகர்ந்துக்கிட்டேதான் இருக்குன்னு படிச்சிருக்கோம். அப்படின்னா நேத்து மூணு மணிக்கு மட்டும் ஏன் ஆடுச்சு? மத்த நேரமெல்லாம் அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் இரண்டும் சேர்ந்து உறுத்த ஆரம்பித்துவிட்டன: அவள் கேட்ட கேள்வியும், நான் சொன்ன ஆறுதலும். சின்ன ஆட்டம் பெரிய ஆட்டத்தைத் தடுக்கும் என்பதை எனக்கு யார் சொன்னது? எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை. காதில் விழுந்திருக்கிறது, நியாயமாகப் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை நம்பி பத்துப் பேர் ஓர் ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 32 மடங்கு கூடுகிறது. இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. அப்படியானால் 8 அளவுள்ள ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சில்லறையாக மாற்றித் தீர்க்க 6 அளவில் ஆயிரம் நடுக்கங்கள் வேண்டும். அதையே 4 அளவில் தீர்ப்பதென்றால் பத்து லட்சம். உலகம் முழுவதும் சேர்த்தே ஓர் ஆண்டில் 6 முதல் 7 வரையிலான அளவில் வருபவை சராசரியாகச் சுமார் 130தான். 8ஐத் தாண்டுவதோ ஆண்டுக்கு ஒன்று. பூமி முழுவதிலும் வரும் அந்த 130ஐயும் ஒரே பிளவில், அதாவது இரு பக்கப் பாறையும் உரசி நகரும் ஒரே வெடிப்பில், கொண்டுவந்து கொட்டினாலும் அங்கே காத்திருக்கும் ஒரு பெரிய நடுக்கத்துக்கு ஈடாகாது. என் தோழியின் கட்டிலை நகர்த்தியது 5ஐக்கூடத் தொடாத நடுக்கம். பெரிய கடனில் அது ஒரு காசுகூட இல்லை.

கணக்கோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஆறுதல் பலிக்கவில்லை, தீங்கும் செய்யவில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் 2011 மார்ச் 9 என்ற தேதி கண்ணில் பட்டது. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரைக்கு அப்பால் அன்று 7.3 அளவில் நிலம் ஆடியது. சின்னச் சுனாமி ஒன்றும் வந்து போனது. பெரிய சேதமில்லை. அன்று இரவு அந்தக் கரையில் யாராவது யாரிடமாவது "அழுத்தம் போயிடுச்சு, இனி பயமில்லை" என்று சொல்லியிருக்கக்கூடும், நான் சொன்ன அதே குரலில். இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று, ஏறத்தாழ அதே இடத்திலிருந்து 9 அளவில் நிலநடுக்கம் கிளம்பியது. முதலில் வந்தது முன்நடுக்கம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்நடுக்கத்தின் நெற்றியில் முன்நடுக்கம் என்று எழுதியிருப்பதில்லை. பெரும்பாலான சிறு நடுக்கங்களுக்குப் பின் பெரிதாக எதுவும் வருவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அழுத்தம் தீர்ந்துபோவதல்ல.

வேலிகள் சொன்ன கதை

அப்படியானால் மற்ற நேரமெல்லாம் அந்தத் தட்டு என்னதான் செய்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனபோது நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சில நில அளவைக் கணக்குகளில் போய் நின்றேன். இத்தனை நாளும் நான் நிலநடுக்கத்தைப் புரிந்துவைத்திருந்த விதம் தலைகீழானது என்று அங்கேதான் தெரிந்தது.

1906 ஏப்ரல் 18 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்தில் கலிபோர்னியாவில் இரண்டு தட்டுகள் சந்திக்கும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு 450 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கிழிந்தது. பிளவுக்குக் குறுக்கே போட்டிருந்த பண்ணை வேலிகள் ஒடிந்து, இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் நின்றன. ஒரு சாலை ஆறு மீட்டர் விலகிக் கிடந்தது. அந்தப் புகைப்படங்களை நானும் முன்பே பார்த்திருக்கிறேன். தட்டு அன்றைக்கு நகர்ந்தது, அதனால் வேலி ஒடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அறிவியலாளர் அந்த வேலிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியில் 1850களிலிருந்தே மலையுச்சிகளையும் கலங்கரை விளக்கங்களையும் குறியாக வைத்து நில அளவை செய்திருந்தார்கள். 1870களிலும் 80களிலும் மறுபடி அளந்திருந்தார்கள். நடுக்கத்துக்குப் பிறகு மூன்றாம் முறையும் அளந்தார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் ரீட். பிளவிலிருந்து வெகு தொலைவில் இரு பக்கமும் இருந்த இடங்கள், நடுக்கத்துக்கு முந்தைய 50 ஆண்டுகளிலேயே ஒன்றையொன்று தாண்டி 3.2 மீட்டர் நகர்ந்து முடித்திருந்தன. ஓசையில்லாமல், யாருக்கும் தெரியாமல், ஒரு கண்ணாடிக் குவளைகூட அசையாமல்.

அந்த 50 ஆண்டும் நகராமல் இருந்தது பிளவை ஒட்டிய நிலம்தான். இரு பக்கப் பாறையும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கிடந்தன. தூரத்து நிலம் போய்க்கொண்டே இருக்க, பிளவோரத்து நிலம் போகாமல் இருக்க, நடுவிலுள்ள பாறை வளைந்தது. பாறை வளையும் என்பதே என் மனதில் ஏறச் சில நாட்கள் ஆயின. கையில் எடுத்தால் உடையும், வளையாது. ஆனால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் பாறை வளையும், வில்லைப் போல. இழுத்துப் பிடித்த நாணில் எப்படி விசை தங்குகிறதோ அப்படி அந்த வளைவில் தங்கும். பிடி தாங்காமல் போகும் நொடியில் வளைந்த பாறை நிமிர்கிறது. தொலைவிலிருந்த நிலம் பல பத்தாண்டுகளாக நடந்து கடந்ததைப் பிளவோரத்து நிலம் சில நொடிகளில் ஓடிக் கடக்கிறது. அன்றைக்கு நகர்ந்தது முக்கியமாக இந்தப் பிளவோரத்து நிலம்தான். அந்த நிமிர்தலின் உதறல் அலையலையாகப் பாறையில் பரவி ஊருக்குள் வருவதைத்தான் நாம் நிலநடுக்கம் என்கிறோம். ரீட் இதை 1910இல் எழுதினார். கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகெனர் அறிவிக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. தட்டுகள் என்ற கருத்து அறிவியலில் நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. நிலம் ஏன் நகர்கிறது என்று ரீட்டுக்குத் தெரியாது. நகர மறுக்கும் இடத்தில் என்ன சேர்கிறது என்பதை அளவைக் கணக்கிலிருந்தே கண்டுவிட்டார். இந்த வரிசை எனக்குப் பெரிய ஆச்சரியம். 'ஏன்' தெரியாமலேயே 'எப்படி'யை ஒரு மனிதர் இவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்கிறார்.

ஆக, "தட்டுகள் நகர்வதால் நிலநடுக்கம் வருகிறது" என்று நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் பாதிதான். தட்டு தடையில்லாமல் நகர்ந்தால் நடுக்கமே இருக்காது. அதை நம்பவைக்கும் இடமும் கலிபோர்னியாவிலேயே இருக்கிறது, அதே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதியில். ஹோலிஸ்டர் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு மது ஆலையைத் தெரியாமல் பிளவின் மேலேயே கட்டிவிட்டார்கள். கட்டிடத்தின் சுவர்களும் தரையும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போயின. அங்கே பிளவு பூட்டிக்கொள்ளவில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் என்று ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் கிளைப் பிளவு ஒன்று ஹோலிஸ்டர் ஊருக்குள்ளேயே போகிறது, நடைபாதை விளிம்புகளை வளைத்தபடி. சுவர் பிளக்கிறது, நடைபாதை கோணுகிறது. அந்தப் பகுதியில் பெரிய நடுக்கம் கிளம்பியதாகப் பதிவே இல்லை. அதற்கு வடக்கே பூட்டிக்கொண்ட பகுதிதான் 1906இல் கிழிந்தது. தெற்கே பூட்டிக்கொண்ட பகுதி 1857இல் கிழிந்தது. ஒரே பிளவு, ஒரே இரண்டு தட்டுகள், ஏறத்தாழ ஒரே வேகம். ஊர்கிற இடத்தில் சுவர் விரிசல், பற்றிக்கொண்ட இடத்தில் பேரழிவு.

பற்றிக்கொள்வது மேல்பகுதி மட்டும்தான் என்பது இன்னொரு முக்கியமான செய்தி. கண்டத்துப் பிளவுகளில் சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே பாறை சூடேறி இளகி, உடையாமல் மெல்ல வழுக்கும். அங்கே நகர்வு நிற்பதே இல்லை. மேலே மட்டும் பாறை குளிர்ந்து, சொரசொரப்பாக, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடக்கிறது. கீழ்தளத்துக்காரர் ஓயாமல் நடக்க, மேல்தளத்துக்காரர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. தோழி கேட்ட "மத்த நேரமெல்லாம்" என்பதற்கு இதுதான் பதில். மற்ற நேரமெல்லாம் கீழே போய்க்கொண்டிருக்கிறது, மேலே பாக்கி ஏறிக்கொண்டிருக்கிறது.

சிறு நடுக்கம் ஏன் பெரியதைத் தடுப்பதில்லை என்பதும் இங்கே தெளிந்தது. ஒரு கனமான கயிற்றை நூறு பேர் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கை நழுவினால் அவர் பாரம் மறைந்துபோவதில்லை, பக்கத்தில் நிற்பவர் கைக்கு ஏறுகிறது. பிளவின் ஒரு துண்டு நழுவினால் அந்தத் துண்டுக்கு மட்டும் விடுதலை. அதன் ஓரங்களில் பாரம் கூடுகிறது. பக்கத்துத் துண்டு தாங்கினால் கதை அதோடு முடிந்தது. தாங்காவிட்டால் அதுவும் நழுவி, அடுத்ததும் நழுவி, கிழிசல் நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கும். எங்கே நிற்கும் என்று தொடங்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

பாக்கி ஏறுவதை அளக்க முடிகிறதே, அப்படியானால் தேதி சொல்லலாமே என்று எனக்கும் தோன்றியது. அதே சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் இருக்கும் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் அதைத்தான் முயன்றார்கள். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று அங்கே சராசரியாக 22 ஆண்டுக்கு ஒரு முறை 6 அளவில் ஆடியிருக்கிறது. 1993க்குள் அடுத்தது வரும் என்று கருவிகளை நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று. பாக்கி எவ்வளவு என்று தெரிந்தாலும் எந்த நாள் வசூலுக்கு வரும் என்று தெரிவதில்லை.

அமைதியாக இருந்த கரை

இவ்வளவும் தெரிந்த பிறகு என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. ஆடிக்கொண்டே இருக்கும் ஊரைப் பற்றி நாம் பயப்படுகிறோம். ஆடாத ஊரைப் பற்றி?

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கனடாவின் தென்மேற்கு மூலையிலிருந்து வட கலிபோர்னியா வரை, கடலடித் தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. காஸ்கேடியா என்று பெயர். இப்படித் தட்டு அமிழும் இடங்களில்தான் உலகின் மிகப் பெரிய நடுக்கங்கள் எல்லாம் வந்திருக்கின்றன. பதிவானவற்றில் ஆகப் பெரியதான 1960 சிலி நடுக்கமும், 9.5 அளவில், அப்படிப்பட்ட இடத்தில்தான். ஆனால் காஸ்கேடியாவில் எழுதி வைத்த வரலாற்றுக்குள் அப்படி ஒன்றும் நடந்ததில்லை. தட்டு சிக்கலின்றி வழுக்கிக்கொண்டு போகிறது, அதனால்தான் அமைதி என்று பலர் எண்ணினார்கள். ஹோலிஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் முட்டாள்தனமானதல்ல. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, என் ஆறுதலைப் போலவே.

1980களில் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் அந்தக் கரையின் கழிமுகங்களில் சேற்றைத் தோண்டிப் பார்த்தார். புல் முளைத்த பழைய நிலம் ஒன்று அடியில் கிடந்தது. அதன் மேல் கடல் கொண்டுவந்த மணல். அதற்கு மேல் அலைவாய்ச் சேறு. நிலம் சட்டென்று தாழ்ந்து, கடல் உள்ளே வந்ததன் அடையாளம். அருகிலேயே உப்புநீரில் நின்றபடி செத்துப்போன மரங்கள் கூட்டமாக இன்றும் நிற்கின்றன. அந்த மரங்களின் வளையங்களை எண்ணியவர்கள், அவை 1699 கோடையில் உயிரோடிருந்தன, 1700 கோடையில் இல்லை என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பானிலோ, தரை ஆடாமலேயே ஒரு சுனாமி வந்து வீடுகளை அழித்ததாக 1700 ஜனவரி மாத ஏடுகளில் குறிப்பு இருக்கிறது. அலை கடலைக் கடக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. அந்தக் கரையின் அமைதி வழுக்கிப் போகிற தட்டின் அமைதி இல்லை. கவ்விப் பிடித்த தட்டின் அமைதி. முந்நூறு ஆண்டுக்கும் மேலாக அந்தப் பிடி விடவில்லை. இன்று ஜி.பி.எஸ். கருவிகள் அந்தக் கரை ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நிலத்துப் பக்கமாக நசுங்குவதைக் காட்டுகின்றன.

தட்டு அமிழும் இடத்தில் அந்த வளைவு எப்படி இருக்கும் என்பதை நமக்குச் சொல்ல 2004 டிசம்பர் 26 போதும். அந்த நாளைப் பற்றித் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதற்கு முந்தைய காத்திருப்பைப் பற்றி நாம் பேசவில்லை. கீழே போகும் தட்டு, தன்னைக் கவ்விய மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டே போகிறது. விளிம்பு தாழ, அதன் பின்புறம் மெல்லப் புடைக்கிறது. பல நூறு ஆண்டு இப்படி. பிடி விட்டதும் விளிம்பு துள்ளி எழுகிறது, புடைத்திருந்த பின்புறம் அமர்கிறது. அன்று பத்து நிமிடத்துக்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி விட்டது, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை. வட அந்தமானின் மேற்கே பவளத்திட்டுகள் கடலைவிட்டு மேலே எழுந்து வெயிலில் காய்ந்து செத்தன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையில், இந்திரா முனையில், நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. ஒரே நாள், ஒரே நிலநடுக்கம், ஒரு தீவு ஏறியது, ஒரு தீவு இறங்கியது. விளிம்பில் இருந்தது எது, பின்னால் இருந்தது எது என்பதுதான் வித்தியாசம். இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் அந்தக் கலங்கரை விளக்கத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டின் ஓரத்தில் இல்லாத இடங்களுக்கும் இந்தப் பாரம் வந்து சேர்கிறது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் 6.2 அளவில் ஆடியபோது ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தட்டின் நடுப்பகுதி அது, உறுதியான நிலம் என்று நம்பப்பட்ட இடம். ஓரத்தில் தள்ளும் விசை உள்ளே வரை போகிறது. பழைய பலவீனங்கள் எங்கோ ஆழத்தில் காத்திருக்கின்றன. அங்கே பாக்கி மிக மெதுவாக ஏறுவதால் மனித நினைவில் ஒரு எச்சரிக்கையும் இருப்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து நானே தோழியைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடி" என்றேன். வேலியையும், வளையும் பாறையையும், கயிற்றையும், மார்ச் 9ஐயும் சொன்னேன். ஆபீசிலும் போய்ச் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். கோபமோ என்று பயந்தேன். "அப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள். அலமாரியைச் சுவரோடு திருகி வை, கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வை, ஆடினால் படியில் ஓடாதே, மேஜைக்கு அடியில் போ, கடலோரத்தில் நீண்ட நேரம் ஆடினால் ஆட்டம் நின்றதும் யாரும் சொல்லக் காத்திருக்காமல் மேட்டுக்கு நட என்றேன். எழுதிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே மாதிரி ஒரு நேரத்தில் அழைப்பு வந்தது. "ஆடுச்சு. மேஜைக்கு அடியில இருக்கேன். நின்னுடுச்சு" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தோம். பிறகு, "இப்ப எங்க ஊர் எந்தப் பக்கம் போயிட்டிருக்கு?" என்று கேட்டாள். அந்த ஊருக்குப் பக்கத்து ஜி.பி.எஸ். நிலையத்தின் கணக்கை நான் அதற்குள் பார்த்து வைத்திருந்தேன். கடலுக்கு எதிர்ப்பக்கம், ஆண்டுக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் என்றேன்.

"நான் வந்ததிலேர்ந்து எவ்வளவு ஆகியிருக்கும்?"

எட்டு மாதம். "ரெண்டு சென்டிமீட்டர்."

"அன்னிக்குக் கட்டில் அதைவிட அதிகமா நகர்ந்துச்சுடி" என்றாள்.